உறையும் வேரும்
பல் கட்டும் கலையின் வரலாறு

சிலாங்கூர் மாநிலத்துச் சுபாங் ஜெயா இன்று ஒரு மாநகரம். 1976ஆம் ஆண்டில் வீடமைப்புப் பணி தொடங்குவதற்கு முன் அது சீபீல்டு என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. பால்மரம் நின்ற நிரைகளில் வீட்டு வரிசைகளும் கடை வரிசைகளும் எழுந்தன. 1985இல் அங்கே பெரியதொரு தனியார் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1997இல் நகராண்மைக் கழகமும், 2020இல் மாநகர் மன்றமும் அமைந்தன. தோட்டக் காலத்தில் அங்கு வாழ்ந்தோர் பல்வலிக்கு நாடியது பெரும்பாலும் தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸரையே. இன்றோ கடை வரிசைதோறும் பல் மருத்துவக் கிளினிக்கின் பெயர்ப்பலகை தென்படுகின்றது.

அக்கிளினிக்குகளில் நோயாளர் கேட்கும் கேள்விகள் எங்கும் ஒரே வகையின. “பல்லைப் பிடுங்கிவிடலாமா, கேப் போட வேண்டுமா? கேப் போடுமுன் பல்லின் உயிர்நரம்பை எடுத்தே ஆக வேண்டுமா? ஒரு பல் போனதற்கு இருபுறத்து நல்ல பற்களை ஏன் இழைக்க வேண்டும்? பொன்னா, பீங்கானா? எத்தனை ஆண்டு நிற்கும்? பேச்சு மாறுமா?” இவை நேற்றுப் பிறந்த கேள்விகள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தார்க்கு இக்கேள்விகளுக்குரிய விடைகளும் எளிதில் விளங்கும். விலை கொடுத்து வாங்குவது எது, வாங்க இயலாதது எது என்பதும் தெளியும்.

சொல்லும் பொருளும்

மக்கள் வழக்கில் ‘கேப்’ என்றும் ‘பிரிட்ஜ்’ என்றும் வழங்கும் இரண்டையும் தமிழில் முறையே பல்லுறை, பல் பாலம் எனலாம். வேரோடு நிற்கும் ஒரு பல், சொத்தையாலோ உடைவாலோ மேற்பகுதி சிதைந்திருப்பின், அதனைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்கி, அதன்மேல் பல் வடிவில் செய்த மூடியை ஒட்டுவது பல்லுறை. பல்லே இல்லாத இடைவெளியை நிரப்ப, இருபுறத்துப் பற்களுக்கும் உறை போட்டு, அவ்விரண்டுக்கும் இடையே பொய்ப்பல்லைத் தொங்கவிடுவது பல் பாலம். கழற்றி மாட்டும் பல்செட்டினின்றும் இவை வேறுபட்டவை. ஒட்டிய இடத்திலேயே நிற்பவை.

ஆங்கிலேயர் பல்லுறைக்கு ‘முடி’ என்னும் பொருள்படும் சொல்லை வழங்குவர். ஈறுக்கு மேலே தோன்றும் பல்லின் பகுதிக்கும் அவர்களிடம் அதே பெயர். மன்னன் தலைமேல் முடி அமர்வதுபோல் வேரின்மேல் அது அமர்கின்றது என்பது கருத்து. ஆயினும், செயலை நோக்க, ‘உறை’ என்னும் தமிழ்ச் சொல்லே பொருத்தமுடையது. உறை வாளைக் காக்கும். தானே வாள் ஆகாது. உள்ளிருக்கும் வாள் துருவேறின் பொன்னுறை என்ன பயன் தரும்? பல் கட்டும் கலையின் வரலாறு முழுவதும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றது.

பொற்கம்பியும் பொற்பட்டையும்

மேலை ஆசியக் கரையில் சீதோன் என்னும் பினீசிய நகரின் பழங்கல்லறைகளில், ஆட்டங்கண்ட முன்பற்களைப் பொற்கம்பியால் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிய தாடையெலும்புகள் கிடைத்தன. பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1860களில் வெளியிட்ட பினீசிய ஆராய்ச்சி நூலில் அவற்றுள் ஒன்று இடம்பெற்றது. தமிழில் ‘பல் கட்டுதல்’ என்னும் வழக்குச் சொல் அப்பழந்தொழிலுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவது நினைக்கத்தக்கது.

இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர் இன்னும் ஒருபடி முன் சென்றனர். கிறித்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே, மெல்லிய பொற்பட்டைகளை வளையமாக்கி நல்ல பற்களின்மேல் அணிவித்து, இடையில் போன பல்லுக்கு ஈடாக மனிதப் பல்லையோ எருதின் பல்லையோ ஆணியிட்டு நிறுத்தினர். உலகின் முதற் பல் பாலங்கள் இவையே எனலாம். இவற்றை அணிந்தோர் பெரும்பாலும் செல்வக்குடிப் பெண்டிர் என்று ஆய்வாளர் கருதுவர். ஒன்று கருதத்தக்கது: எத்துருஸ்கப் பொற்கொல்லர் அண்டைப் பற்களைச் சிறிதும் இழைக்கவில்லை. அதனால் பற்கள் கெடவில்லை; ஆனால் கடித்து மெல்லும் வலிமையும் அக்கட்டுக்கு இல்லை.

உரோமருடைய பன்னிரு பட்டயச் சட்டம் ஏறத்தாழக் கி.மு. 450ஐச் சேர்ந்தது. இறந்தாரோடு பொன்னைப் புதைத்தலாகாது என்று விதித்த அச்சட்டம், பல்லைக் கட்டியிருக்கும் பொன்னுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சட்டமே விலக்குச் சொல்லும் அளவுக்குப் பொன் கட்டிய பல் அந்நாளில் அறியப்பட்ட பொருளாயிருந்தது என்பது இதனால் விளங்கும். பின்னர்ப் பத்தாம் நூற்றாண்டில், இசுபானியத்துக் கோர்தோவாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல் சஹ்ராவி, ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டுமாறும், போன பல்லுக்கு எருதின் எலும்பைச் செதுக்கி வைக்குமாறும் தம் நூலில் எழுதிவைத்தார்.

மருந்துக்காக அன்றி அணிக்காகப் பல்லில் பொன் இட்டவரும் உண்டு. இன்றைய யுன்னான் பகுதியில் ஆடவர் தம் பற்களைப் பொற்றகட்டால் மூடியிருந்ததை மார்க்கோ போலோ குறித்தார். அந்நாட்டுக்கே ‘பொற்பல்’ என்னும் பெயர் வழங்கிற்று. பிலிப்பைன்சு நாட்டுப் போலினாவோ என்னும் ஊரில் கிடைத்த மண்டையோட்டின் பற்களில், மீன் செதிள்போல் பொன் துண்டுகள் பதிக்கப்பெற்றிருந்தன. ஆகவே தென்கிழக்காசியாவில் பொற்பல் வெள்ளையரோடு வந்ததன்று. அணி, மருந்து என்னும் இவ்விரண்டு ஓடைகளும் தனித்தனியே ஓடிப் பின்னர்க் கலந்தன. கலந்த இடத்திலேதான் தொல்லையும் பிறந்தது.

முளைப்பல்லும் உயிர் நீக்கிய பல்லும்

பாரிசில் வாழ்ந்த பியர் ஃபோஷார் 1728இல் பல் மருத்துவத்துக்கென்றே பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இக்கால முறைப்பட்ட பல் மருத்துவத்தின் தந்தை என அவரை உலகம் போற்றும். மேற்பகுதி முழுதும் அழிந்து வேர் மட்டும் எஞ்சிய பல்லில், வேரின் நடுத்துளையில் உலோக முளையை அடித்து, அதன்மேல் புதிய பல்லை நிறுத்தும் முறையை அவர் விளக்கினார். ‘முளைப்பல்’ என்று சொல்லத்தக்க இம்முறை அடுத்த நூற்றைம்பது ஆண்டு நிலைத்தது. முளைமேல் நிறுத்திய பல் யானைத் தந்தமாகவோ, நீர்யானைத் தந்தமாகவோ, இறந்த மனிதரின் பல்லாகவோ இருந்தது.

வேர்த்துளையில் முளை இறங்க வேண்டுமாயின் அங்குள்ள பற்கூழ் வெளியேற வேண்டும். நரம்பும் குருதிக் குழாய்களும் கொண்ட அந்த மெல்லிய தசையே பல்லின் உயிர். உணர்ச்சி நீக்கும் மருந்து அறியப்படாத காலத்தில் அதனைப் பிடுங்குவது பெருங்கொடுமை. 1836இல் அமெரிக்கராகிய ஸ்பூனர் என்பார், பாஷாணத்தை வைத்துப் பற்கூழைச் சாகச் செய்யும் முறையை நூலில் வெளியிட்டார். வலி குறைந்தது; ஆனால் பாஷாணம் கசிந்து எலும்பையும் அரித்தது. 1880ஐ ஒட்டி அமெரிக்காவில் பரவிய ரிச்மண்ட் உறை என்பதும் முளையோடு கூடியதே. அதனைப் பொருத்துவதற்காக நோயற்ற பற்களின் உயிரும் போக்கப்பட்டது.

“கேப் போட நரம்பை எடுத்தே ஆக வேண்டுமா?” என்னும் இன்றைய அச்சத்துக்கு வேர் இங்கேதான் இருக்கின்றது. இன்று நிலைமை வேறு. உயிருள்ள பல்லுக்கும் உறை போடலாம், போடுகின்றனர். பற்கூழ் நோயுற்று மீளாத நிலையை அடைந்திருந்தாலே ரூட் கேனால் எனப்படும் வேர்க்குழாய்ச் சிகிச்சை வேண்டப்படும். ஆயினும் இழைக்கும் வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும், முன்னரே ஆழ்ந்திருந்த சொத்தையாலும், உறையிட்ட பற்களுள் சில பின்னாளில் உயிரிழத்தலும் உண்டு. நோயாளர் இதனை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

வலி பற்றியும் ஈண்டு ஒரு சொல். 1884இல் கார்ல் கோலர் என்பார் கோகெயினின் உணர்ச்சி நீக்கும் ஆற்றலைக் கண்ணறுவையில் மெய்ப்பித்தார். 1905இல் தீமை குறைந்த புரோகெயினும், 1948இல் இன்றளவும் வழங்கும் லிக்னோகெயினும் மருத்துவர் கைக்கு வந்தன. காலால் மிதித்துச் சுழற்றிய துளைப்பானின் இடத்தில், 1957இல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300,000 முறை சுழலும் காற்றுச்சுழலி விற்பனைக்கு வந்தது. பல் இழைப்பது எளிதாயிற்று. எளிதானவுடன் வேண்டாத பல்லை இழைப்பதும் எளிதாயிற்று என்பதை மறத்தலாகாது.

அழுகல் மேல் எழுந்த பொன்மண்டபம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லுறையும் பல் பாலமும் அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பெருமையாயின. வாய் நிறையப் பொன் அணிவது செல்வத்தின் அடையாளம் ஆயிற்று. ஆனால் பொன்னின் கீழிருந்த வேரை எவரும் காண இயலவில்லை. எக்ஸ்ரே என்னும் ஊடுகதிரை ரான்ட்கன் கண்டுபிடித்தது 1895இல்தான். சீழ்க்கட்டி இருந்த வேர்களின்மேலும், ஈறு அழுகிய பற்களின்மேலும் பொன்னுறைகள் ஏறின. உறையின் விளிம்பு பல்லோடு பொருந்தாமல் துருத்தி நின்றது. அவ்விடத்தில் உணவு தங்கிப் புளித்தது.

1910ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், கனடா நாட்டு மான்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹன்டர் என்னும் இலண்டன் மருத்துவர் மருத்துவ மாணவர்முன் உரையாற்றினார். பல் மருத்துவத்தின் பெருமையெனக் கருதப்பட்ட பொன்வேலைகளை அவர் அழுகல் குவியலின்மேல் எழுப்பிய பொற்கல்லறை என்று சாடினார். நோயுற்ற வேரை மூடிவைப்பது மருத்துவம் அன்று. நோயை அடைகாப்பதே என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழாகிய லான்செட்டில் அவ்வுரை அச்சாயிற்று. அமெரிக்கப் பல் மருத்துவர் சினந்தனர். ஆயினும் பலர் நாணவும் செய்தனர்.

ஹன்டர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அவ்வுண்மை கைமாறிக் கைமாறிப் பெருந்தீங்காக வளர்ந்தது. பல்வேரிலுள்ள சீழே மூட்டுவாதம், வயிற்றுப்புண், மனநோய் முதலிய எல்லாவற்றுக்கும் காரணம் என்னும் கொள்கை பரவிற்று. ஐயத்துக்குரிய பல் என்றால் பிடுங்கு என்பதே முறையாயிற்று. நோயற்ற பற்களும் ஆயிரக்கணக்கில் பிடுங்கப்பட்டன. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த ஹென்றி காட்டன், நோயாளர்தம் பற்களைப் பிடுங்கியதோடு நில்லாமல் உள்ளுறுப்புகளையும் அறுத்து நீக்கினார். அவருள் பலர் உயிரிழந்தனர்.

இவ்வெறியை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் நியூ ஆர்லியன்சு நகரின் எட்மண்ட் கெல்சு குறிப்பிடத்தக்கவர். 1896இலேயே பல்லை எக்ஸ்ரே படம் பிடிக்கத் தொடங்கிய முன்னோடி அவர். வேரைக் கண்ணால் கண்டு முடிவு செய்ய வழி இருக்க, காணாமலே பிடுங்குவது குற்றம் என்று அவர் வாதாடினார். அக்கதிரின் தீமை அறியப்படாத காலத்தில் தம் கையால் படச்சுருளைப் பிடித்தமையால், விரல்களையும் கையையும் இழந்து, தாங்கொணாத் துன்பத்துற்று 1928இல் மறைந்தார். இன்று பல் மருத்துவர் உறை போடுமுன் எக்ஸ்ரே படம் எடுப்பதை வீண்செலவென்று எண்ணுவோர், இம்மனிதர் தந்த விலையை ஒருகணம் நினைத்தல் வேண்டும்.

1938இல் ரசல் சிசில், ஆஞ்சிவைன் என்னும் இருவர் மூட்டுவாத நோயாளர் 200 பேரை ஆராய்ந்து, பற்களைப் பிடுங்கியதால் நோய் தணியவில்லை என்று வெளியிட்டனர். சிசில் முன்னர் அக்கொள்கையை ஏற்றவராகலின் அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுந்தது. படிப்படியாக வெறி அடங்கிற்று. வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்த பல் உடலுக்கு நஞ்சு என்னும் பேச்சு இன்றும் செவிவழி உலவுகின்றது. அது இப்பழங்கொள்கையின் எச்சமே. அதற்குச் சான்று இல்லை.

இருவகைத் தீங்குகளும் ஒரே காரணத்தால் விளைந்தவை. ஒருவர் வேரைப் பாராமல் மூடினார். மற்றவர் வேரைப் பாராமல் பிடுங்கினார்.

மெழுகு தந்த துல்லியம்

ஹன்டர் சாடிய காலத்தையொட்டியே, உறையின் விளிம்பைப் பல்லோடு பொருத்தும் வழி பிறந்தது. 1907இல் வில்லியம் டாகர்ட் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், மெழுகு வார்ப்பு முறையைப் பல் வேலைக்குக் கொண்டுவந்து நியூயார்க்கில் விளக்கினார். வேண்டிய வடிவை மெழுகில் செய்து, அதனைச் சுற்றிச் சுண்ணம் போன்ற கலவையை வார்த்து இறுகவிட்டுச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். வெற்றிடத்தில் உருகிய பொன்னைச் செலுத்தினால் மெழுகு இருந்த வடிவம் அப்படியே பொன்னில் வரும்.

தமிழர்க்கு இது புதிதன்று. சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனிகள் வார்க்கப்பெற்ற முறை இதுவே. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் தபதியர், தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் பொதிந்து, சுட்டு, மெழுகை ஓடவிட்டு, உலோகம் வார்க்கின்றனர். பெருங்கோயிற் பொருளிலும் சிறு பற்பொருளிலும் முறை ஒன்றே. வேறுபாடு அளவிலும் துல்லியத்திலும் உள்ளது. பொன் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சுருங்கும். திருமேனிக்கு அச்சுருக்கம் பொருட்டன்று. பல்லுக்கோ அது மயிரிழை இடைவெளியாகிச் சொத்தைக்கு வாயிலாகும். ஆகவே அச்சாகும் கலவை சூட்டில் அதே அளவு விரியுமாறு பின்வந்தோர் அமைத்துச் சுருக்கத்தை ஈடுசெய்தனர்.

பீங்கானின் கதையும் இதனோடு இணைந்ததே. டெட்ராய்ட் நகரின் சார்ல்சு லாண்டு 1880களின் இறுதியில் பீங்கான் உறையைச் செய்து காட்டினார். 1927இல் அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பர்க்கின் தாய்வழிப் பாட்டனார் இவர். அவருடைய உறை அழகுடையது. ஆனால் எளிதில் உடைந்தது. உலோகத்தின்மேல் பீங்கானை உருக்கி ஒட்டும் முறைக்கு 1962இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அழகும் வலிமையும் ஓரளவு கூடின. இந்நூற்றாண்டில் சிர்கோனியா என்னும் வலிய வெண்பொருள் பரவியுள்ளது. 1985இல் சூரிக் நகரில் தொடங்கிய கணினி வழிச் செதுக்கல் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் கிளினிக்குகளுக்கும் வந்துவிட்டது.

மலாயா நாட்டில்

பழைய மலாயாவின் பட்டணக் கடைத்தெருக்களில், தந்தையிடம் மகனும் முதலாளியிடம் பணியாளுமாகத் தொழில் பயின்ற சீனப் பல் கட்டுவோர் கடை வைத்திருந்தனர். தோட்டப்புறத்தாரும் பட்டணத்தாரும் பொற்பல் கட்டிக்கொண்டது பெரும்பாலும் இவர்களிடமே. பொற்பல் பலர்க்கு அணிகலன், சிலர்க்குச் சேமிப்பு. கைத்திறன் மிக்கோர் அவருள் பலர் இருந்தனர். ஆயினும் வேரின் நோய் அறியும் கல்வியும் எக்ஸ்ரே வசதியும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. மேலைநாட்டில் ஹன்டர் கண்ட காட்சி, மலாயாவின் கடைத்தெருவிலும் சிறிய அளவில் நிகழ்ந்தது.

முறையான கல்வி மெல்ல வந்தது. 1929இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி, நியூசிலாந்து முறையைப் பின்பற்றி அமைந்தது. அங்குப் பயின்ற மகளிர் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணினர். 1971இன் பல் மருத்துவச் சட்டம், பட்டம் பெற்றோரை ஒரு பிரிவிலும், பட்டமின்றி முன்பே தொழில் செய்து வந்தோரை மற்றொரு பிரிவிலும் பதிவு செய்து முறைப்படுத்திற்று. 1972இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவத் துறை பிறந்தது. அதே ஆண்டில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாடு முழுமைக்கும் விரிக்க அரசு முடிவு செய்தது. பல்லுறையின் தேவையையே குறைத்த செயல்களுள் இது தலையாயது.

1971இன் சட்டத்தின் இடத்தில் இன்று 2018இன் பல் மருத்துவச் சட்டம் நிற்கின்றது. பதிவு பெறாத தனியார் கிளினிக் நடத்துவோர்க்கு 1998இன் தனியார் மருத்துவ வசதிச் சட்டம் 300,000 வெள்ளி வரை அபராதமும் ஆறாண்டு வரை சிறையும் விதிக்கின்றது. இருந்தும், அறைகளிலும் அழகு நிலையங்களிலும் மலிவான பல் ஒட்டுகளைச் செய்யும் போலியர் பிடிபட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன. பொன் போய்ப் பளிங்கு வெண்மை வந்திருக்கின்றது. அழகின் பெயரால் வேரைப் பாராமல் மூடுவது மட்டும் மாறவில்லை.

இன்றைய கேள்விகளுக்கு விடை

நல்ல பற்களை ஏன் இழைக்க வேண்டும்? பாலத்துக்குக் கரை வேண்டும். கரைப்பல்லைச் சிறிதாக்கினாலன்றி அதன்மேல் உறை அமராது. கனடாவின் ஆண்டே என்பார் 1926இல் ஒரு கணக்குச் சொன்னார்: தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, போன பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையலாகாது. அக்கணக்கை இன்று சட்டமாகக் கொள்வதில்லை. ஆயினும் பாலத்தின் வலிமை வேரிலிருந்தே வருகின்றது என்னும் அதன் கருத்து நிற்கின்றது. இழைப்பைத் தவிர்க்கவும் வழிகள் பிறந்தன. 1973இல் பிரான்சின் ரோஷெட், அண்டைப் பல்லின் பின்புறத்தில் சிறகுபோல் தகட்டை ஒட்டும் முறையை வெளியிட்டார். சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க், டைட்டேனியம் எலும்போடு ஒன்றுவதை 1950களில் கண்டு, 1965இல் முதல் மனிதர்க்குச் செயற்கை வேரைப் பதித்தார். ‘இம்ப்ளான்ட்’ என வழங்குவது அதுவே. இருபுறமும் நோயற்ற, இழைக்கப்படாத பற்கள் நிற்குமாயின், பாலத்துக்கு உடன்படுமுன் இவ்விரு வழிகளையும் பற்றிக் கேட்டல் முறை. இருபுறப் பற்களும் முன்னரே சிதைந்து உறை வேண்டி நிற்குமாயின், பாலமே தக்கது.

எத்தனை ஆண்டு நிற்கும்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பாலங்களுள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பத்தாண்டு நிற்கின்றன. அதற்குமேல் நிற்பதும் விரைவில் வீழ்வதும் பொருளினும் பேணுதலைப் பொறுத்தவை. உறைக்குச் சொத்தை வராது. உறையின் விளிம்பில் வெளிப்படும் பல்லுக்கு வரும். வீழும் உறைகளுள் பல வீழ்வது அவ்விடத்துச் சொத்தையாலேயே. ஆகவே விளிம்பை ஈறோரம் தூரிகையால் துலக்க வேண்டும். பாலத்தின் அடியில் நாள்தோறும் நூலைச் செலுத்தித் தூய்மை செய்ய வேண்டும். நீரிழிவு உடையார்க்கு ஈறுநோய் எளிதில் வருமாதலால் அவர்க்கு இக்கடமை இருமடங்கு.

பொன்னா, பீங்கானா? கடைவாய்ப்பல்லுக்குப் பொன் இன்றும் தாழ்ந்ததன்று. எதிர்ப்பல்லைத் தேய்க்காது, மெல்லியதாக அமையும். முன்பல்லுக்குப் பீங்கான் இயற்கை நிறம் தரும். எதுவாயினும், பொருளின் விலை உயர்வதால் வேரின் நலம் உயர்ந்துவிடாது.

பேச்சு மாறுமா? தமிழாசிரியர்க்கு இக்கேள்வி உரியது. தொல்காப்பியத்துப் பிறப்பியல், எழுத்துப் பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக எண்ணுகின்றது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறப்பது. முன்பல் இழந்தார்க்கு இவ்வெழுத்துகளே முதலில் திரியும். பல் போனால் சொல் போச்சு என்னும் பழமொழி வெறும் நகைமொழி அன்று. முன்பல்லுக்குப் பாலம் அமைத்தபின் சில நாள் நா தடுமாறும். நாள்தோறும் சிறிது நேரம் உரக்கப் படித்துப் பழகினால் ஒலி நேராகும். வாரங்கள் கடந்தும் நேராகாவிடின், பல்லின் நீளமோ தடிப்போ பிழையுடையது. மருத்துவரிடம் திரும்பச் சென்று திருத்தச் செய்தல் வேண்டும்.

பிடுங்கிவிடலாமா என்னும் முதற் கேள்விக்கும் விடை இதுகாறும் சொன்னவற்றிலேயே அடங்கியுள்ளது. வேர் உறுதியாய், சுற்றியுள்ள எலும்பு நலமாய், ஈறுக்கு மேல் உறை பற்றுவதற்குப் போதிய பல் எஞ்சி நிற்குமாயின், அப்பல் காக்கத்தக்கது. வேர் பிளந்தோ எலும்பு கரைந்தோ போயிருப்பின், பொன்னாலும் சிர்கோனியாவாலும் அதனைக் காக்க இயலாது. இதனை அறிய, நோயாளர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி விலை பற்றியதும் நிறம் பற்றியதும் அன்று. “என் பல்லின் வேர் எப்படி இருக்கின்றது? படத்தில் காட்டுங்கள்” என்பதே அது. சீதோன் முதல் சுபாங் ஜெயா வரை உறைகள் பலவாறு மாறின; வேரின் பொறுப்பு மாறவில்லை. பிள்ளைப் பருவத்தில் காலையும் இரவும் பல் துலக்கும் பழக்கத்தை ஊன்றிவிட்டால், அவ்வேருக்கு உறை தேடும் நாளைப் பல்லாண்டு தள்ளிப்போடலாம்; பலர்க்கு அந்நாளே வாராமற் செய்தலும் கூடும்.